ஏழு வயது ஆகும்வரை காத்திருப்பதா? பியாஜேயின் வளர்நிலைகளும் இரண்டாம் வகுப்புக் கணக்கும்

கேள்வி: இரண்டாம் வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பணியில் சேர்ந்து இது மூன்றாம் ஆண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்தபோது, குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே வகுத்த நான்கு வளர்நிலைகளையும் வயதோடு சேர்த்து மனப்பாடம் செய்தேன். பிறப்பு முதல் 2 வயது வரை புலன் இயக்க நிலை, 2 முதல் 7 வரை மனச் செயல்பாட்டுக்கு முந்தைய நிலை, 7 முதல் 11 வரை கண்கூடான பொருள்களைக் கொண்டு சிந்திக்கும் நிலை, அதன்பின் முறையான மனச் செயல்பாட்டு நிலை என்று இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் வகுப்பறையில் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சென்ற மாதம் ஒரு நாள், ஒரே அளவான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தாழ்வாரத்துக்கு அழைத்துக் காட்டினேன். இரண்டிலும் ஒரே அளவுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான உயர்ந்த புட்டியில் ஊற்றி, "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் புட்டியைக் காட்டினார்கள். அவர்களில் எட்டு வயது நிறைந்த ஒரு மாணவனும் இருந்தான். இன்னொரு சிறுமியின் வீட்டில் மாடு இருக்கிறது. மாலையில் அவளே அளவுக் குவளையால் பால் அளந்து ஊற்றுவாள். அவளும் புட்டியைத்தான் காட்டினாள். நான் விடாமல், "வாங்க வருபவர்கள் சொம்பும் கொண்டுவருகிறார்கள், போசியும் கொண்டுவருகிறார்கள், அதில் ஊற்றினால் பால் கூடுமா?" என்று கேட்டதற்கு, "அது எப்படி டீச்சர் கூடும், அரை லிட்டர் அரை லிட்டர்தானே" என்றாள். அதைச் சொன்ன பிறகும் புட்டியில்தான் தண்ணீர் அதிகம் என்பதில் உறுதியாக இருந்தாள்.

கணக்கில் இதைவிடப் பெரிய சிக்கல். நூற்று ஐந்து என்று நான் சொன்னால் பலர் 1005 என்று எழுதுகிறார்கள். 16 என்ற எண்ணில் உள்ள 1 எதைக் குறிக்கிறது என்று கேட்டால், "ஒண்ணு" என்கிறார்கள்.

ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது இரண்டு அறிவுரைகள் கிடைத்தன. பிள்ளைகள் இன்னும் அந்த வளர்நிலையை எட்டவில்லை, ஆகவே அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும் என்பது முதலாவது. குழந்தை தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது, ஆகவே ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக் கூடாது என்பது இரண்டாவது. இரண்டையும் அப்படியே கடைப்பிடித்தால் என் பிள்ளைகள் இடமதிப்பு தெரியாமலேயே மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். வளர்நிலை என்பது உண்மையிலேயே வயதால் பூட்டப்பட்ட கதவா? குழந்தை தானே கற்றுக்கொள்கிறது என்றால் நான் எப்போது பேசலாம், எப்போது பேசக் கூடாது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

அம்மா, நீங்கள் அந்தச் சிறுமியிடம் பாலைப் பற்றிக் கேட்டீர்களே, அந்த ஒரு கேள்வி பியாஜேயின் முறைக்கு எந்த அட்டவணையையும்விட நெருக்கமானது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியவன். தேர்வுக்கு எளிதாக இருக்கிறது என்பதற்காக வயதுகளை முன்னால் வைத்துக் கற்பித்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதற்காக இன்று வருந்துகிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பியாஜே 1896இல் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் நகரில் பிறந்தவர். படித்தது உயிரியல்; இளமையில் நத்தைகளைப் போன்ற மெல்லுடலிகளை ஆராய்ந்து, 1918இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு பாரிசில், பினேயோடு சேர்ந்து நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கிய சிமோனின் ஆய்வுக்கூடத்தில், ஆங்கிலத்தில் அமைந்திருந்த தர்க்கச் சோதனைகளைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குத் தரப்படுத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ணிப் பட்டியலிடுவதே அந்த வேலை. ஆனால் அவருடைய கவனம் தவறான விடைகளின் மேல் விழுந்தது. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமாகத் தவறுவதையும், காரணம் கேட்டால் அவர்கள் தரும் விளக்கங்களில் ஓர் ஒழுங்கு இருப்பதையும் அவர் கண்டார். 1921இல் ஜெனீவாவுக்குச் சென்றபின் அவர் செய்த ஆய்வுகளுக்கெல்லாம் இந்த வியப்பே அடிப்படையாக அமைந்தது. அவருடைய மூன்று பிள்ளைகளும் பிறந்தபின், தொட்டிலில் அவர்கள் செய்தவற்றைக்கூட நாள்தோறும் குறித்துவைத்தார்.

ஆகவே வளர்நிலை என்பதைக் குழந்தை காரணம் சொல்லும் விதத்தில் ஏற்படும் மாற்றமாகப் புரிந்துகொள்ளுங்கள். பியாஜே வலியுறுத்தியது நிலைகளின் வரிசையை. வயதுகள் அவர் ஜெனீவாவில் சந்தித்த பிள்ளைகளிடம் தோராயமாகக் கண்டவை. வேறு சூழலில் அவை முந்தவும் பிந்தவும் கூடும் என்பதை அவரே ஏற்றுக்கொண்டார். ஒரே குழந்தையிடம்கூட எல்லாம் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. களிமண் உருண்டையை நீட்டிப் பாம்பாக்கினாலும் மண்ணின் அளவு மாறாது என்பது ஏழெட்டு வயதில் பிடிபட்டாலும், எடையும் மாறாது என்பது ஒன்பது பத்து வயதில்தான் பிடிபடுகிறது. அது அடைத்துக்கொள்ளும் இடமும் மாறாது என்பதற்குப் பதினொன்று பன்னிரண்டு ஆகிவிடுகிறது. அதே உருண்டை, அதே பிள்ளை, ஆனால் மூன்று வெவ்வேறு காலங்கள். இதைப் பியாஜேயும் அவருடன் பணியாற்றிய பேர்பெல் இன்ஹெல்டரும் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் எட்டு வயது மாணவன் புட்டியைக் காட்டியதில் அச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்த முறை விடையோடு நிறுத்தாமல் காரணத்தையும் எழுதிவையுங்கள். தண்ணீர் மாறவில்லை என்று சொல்லும் பிள்ளைகள் பொதுவாக மூன்று விதமாகக் காரணம் சொல்வார்கள். "நீங்க எதுவும் சேர்க்கலை, எடுக்கவும் இல்லை" என்பது ஒன்று. "திரும்ப டம்ளர்ல ஊத்தினா அதே அளவுதான் வரும்" என்பது இன்னொன்று. "புட்டி உசரமா இருந்தாலும் ஒல்லியாத்தானே இருக்கு" என்பது மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்று கிடைத்துவிட்டால் பிள்ளை மனத்துக்குள்ளேயே செயலைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். காரணம் சொல்லத் தெரியாத சரியான விடையைவிட, "உசரமா இருக்கு" என்று காரணத்தோடு வரும் தவறான விடை உங்களுக்கு அதிகம் சொல்லும். ஜெனீவாவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. குழந்தை சொன்ன விடைக்கு எதிரான விடையை, "வேறொரு பிள்ளை இப்படிச் சொன்னான், நீ என்ன நினைக்கிறாய்?" என்று மென்மையாக முன்வைப்பார்கள். பிள்ளை உடனே கட்சி மாறினால் விடை இன்னும் உறுதிப்படவில்லை. எதிர்த்து வாதிட்டால் அது அவனுடைய சொந்தக் கருத்து.

காத்திருப்பதா என்ற கேள்விக்கும் ஜெனீவாவிலிருந்தே விடை உண்டு. இன்ஹெல்டர், ஹெர்மின் சின்கிளேர், மகாலி போவே ஆகிய மூவரும் வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதலை, அதாவது மாறாத்தன்மையை, பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று 1970களில் ஆராய்ந்தார்கள். பயிற்சியால் முன்னேற்றம் கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்த குழந்தைகள் வெகுவாக முன்னேறினார்கள். தொடக்க நிலையில் இருந்தவர்களுக்குச் சிறிதளவே பயன் கிடைத்தது. பாலைப் பற்றி ஒரு விடையும் தண்ணீரைப் பற்றி ஒரு விடையும் வைத்திருக்கும் உங்கள் மாணவி இப்போது ஊசலில்தான் இருக்கிறாள். அவளிடம் வேலை செய்ய இதைவிட நல்ல காலம் வராது.

மறுமொழி 2: வளர்ச்சி உளவியல் ஆய்வு மாணவர்

ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். கேள்வி கேட்கும் முறையே குழந்தையின் விடையை மாற்றிவிடும் என்பதை மட்டும் இதோடு சேர்க்க விரும்புகிறேன்.

நீங்கள் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் ஒருமுறையும், ஊற்றிய பின் ஒருமுறையும் ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். வகுப்பறையில் ஆசிரியர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் பிள்ளைகள் அதற்கு என்ன பொருள் கொள்கிறார்கள்? முதலில் சொன்னது தவறு, மாற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான். 1984இல் சாமுவேல், பிரையண்ட் ஆகிய இருவர் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள 252 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். மாற்றம் செய்த பிறகு ஒரே ஒரு முறை மட்டும் கேட்டபோது பிழைகள் குறைந்தன. ஆயினும் வயதில் மூத்தவர்கள் இளையவர்களைவிடச் சிறப்பாகவே செய்தார்கள். அதாவது பியாஜே கண்ட வளர்ச்சி மறைந்துவிடவில்லை, தோல்வியின் அளவுதான் சுருங்கியது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர் செய்த சோதனை இன்னும் புகழ்பெற்றது. சம எண்ணிக்கையில் இரண்டு வரிசைகளாக வில்லைகளை அடுக்கிவைத்து, ஒரு வரிசையைப் பெரியவர் வேண்டுமென்றே கலைத்து நீட்டினால், நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவரே எண்ணிக்கை மாறவில்லை என்றார்கள். குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று பெட்டியிலிருந்து குதித்து வந்து வரிசையைக் கலைத்துவிட்டதாகக் காட்டியபோது, அதே குழந்தைகளில் அறுபது விழுக்காட்டினருக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒரு செயலைச் செய்துவிட்டுக் கேட்டால் அந்தச் செயலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று குழந்தை எண்ணுகிறது. இந்த முடிவுக்கும் மறுப்பு வந்தது. கரடியின் குறும்பில் மயங்கிய குழந்தைகள் வில்லைகளைச் சரியாகக் கவனிக்கவே இல்லை என்றும், கரடி ஒரு வில்லையை எடுத்துவிட்டபோதும் பலர் "மாறவில்லை" என்றே சொன்னார்கள் என்றும் 1986இல் மூர், ஃப்ரை ஆகியோர் காட்டினார்கள். ஆகவே கரடியைக் கொண்டு பியாஜேயை வீழ்த்திவிட்டதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. குழந்தைக்குத் தெரியாது என்று முடிவுகட்டும் முன் இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மாணவியின் பால் எனக்கு மெக்சிகோவின் குயவர் பிள்ளைகளை நினைவூட்டுகிறது. பிரைஸ்-வில்லியம்சும் அவருடன் சேர்ந்தவர்களும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், மண்பாண்டம் செய்யும் குடும்பங்களில் வளர்ந்த சிறுவர்கள், களிமண்ணின் அளவு மாறாது என்பதை அதே வயதுடைய மற்றப் பிள்ளைகளைவிட முன்னதாகவே அறிந்திருந்தார்கள். நாள்தோறும் மண்ணை உருட்டி, தட்டி, நீட்டிப் பழகிய கைகளுக்கு அது செய்தியே அன்று.

இதைவிட ஆழமாக என்னைப் பாதித்தது பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்து ஆய்வு. டெரசினா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமான் ஆகிய மூவரும் 1985இல் வெளியிட்டார்கள். தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரிடம் வாடிக்கையாளர்களைப் போலப் பேசிக் கணக்குக் கேட்டபோது, 98 விழுக்காடு விடைகள் சரியாக வந்தன. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடே சரியாக இருந்தன; கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74 விழுக்காடு. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் கேட்டார்கள். மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று தொடங்கி, 315ஐத் தொட்டு, 350இல் முடித்தான். பத்தால் பெருக்கினால் ஒரு சுழியைச் சேர் என்ற பள்ளி விதி அவன் நினைவுக்கே வரவில்லை. மூன்று தேங்காய் வாங்குபவர்கள் அதிகம் என்பதால் 105 அவனுக்குப் பழகிய எண்ணாக இருந்தது. அதன்மேல் அவன் கணக்கைக் கட்டினான். அறிவைக் கட்டியெழுப்புதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது. அதே வேளையில், அவன் கட்டியது தேங்காய் வண்டியோடு நின்றுவிட்டது, தாளுக்கு வந்து சேரவில்லை. அங்கே பாலம் போடுவது பள்ளியின் வேலை. உங்கள் மாணவிக்கு அளவுக் குவளையிலிருந்து கண்ணாடிப் புட்டிக்குப் போட வேண்டிய பாலமும் அதுவே.

மறுமொழி 3: தொடக்கப் பள்ளி ஆசிரியர், 19 ஆண்டுப் பணி

நான் எப்போது பேசலாம் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய காலத்தில் பாட அட்டைகளோடும் கற்றல் ஏணிப்படிகளோடும் பல ஆண்டுகள் பணியாற்றினேன். பிறகு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. எந்தத் திட்டம் வந்தாலும் "ஆசிரியர் சொல்லக் கூடாது" என்ற வாசகம் கூடவே வருகிறது. அதை நீண்ட காலம் தவறாகப் புரிந்துகொண்டு தயங்கி நின்றவன் நான்.

எனக்கு வழி காட்டியது பியாஜே அறிவை மூன்றாகப் பிரித்த முறை. ஜெனீவாவில் அவரிடம் பயின்று, தொடக்க வகுப்புக் கணக்குக்கு அவர் கருத்துகளைக் கொண்டுவந்த கான்ஸ்டன்ஸ் கமீ இதை மிகவும் வலியுறுத்துகிறார். கல் கனமானது, பந்து உருளும் என்பவை பொருளைத் தொட்டுப் பார்த்து அறிபவை. ஒன்பது என்ற எண்ணின் பெயர் ஒன்பது, அதை 9 என்று எழுதுவோம், திங்களுக்கு அடுத்தது செவ்வாய் என்பவை மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகள். எட்டுக் கூழாங்கற்களை எப்படிப் பரப்பினாலும் எட்டுதான், மூன்றையும் ஐந்தையும் சேர்த்தாலும் ஐந்தையும் மூன்றையும் சேர்த்தாலும் ஒன்றுதான் என்பவை குழந்தை தன் மனத்துக்குள் உறவுகளை அமைத்துக்கொண்டு அறிபவை. மூன்றாவது வகையை மட்டுமே யாரும் ஊட்டிவிட முடியாது. இரண்டாவது வகையைச் சொல்லாமல் விட்டால் எந்தக் குழந்தையும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். நான் செய்த தவறு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதும், கட்டவிட வேண்டியதை விதியாகச் சொன்னதும்தான்.

இப்போது உங்கள் 1005க்கு வருகிறேன். இது உலகெங்கும் எண் எழுதப் பழகும் குழந்தைகளிடம் காணப்படும் பிழை. ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் அதைச் செய்வதில் எனக்குத் தனி ஈர்ப்பு உண்டு. நூறு என்று கேட்டதும் 100, ஐந்து என்று கேட்டதும் 5, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 1005. காதில் விழுந்த வரிசையை அப்படியே எழுத்தில் வைக்கிறது குழந்தை. நம் முன்னோர் பழைய தமிழ் எண்களில் நூற்று ஐந்தை எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள்: ௱௫. நூறுக்கு ஒரு குறி, அடுத்து ஐந்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான். பத்துக்கு ௰, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்ததால் அந்த முறையில் சுழிக்கே வேலை இல்லை. உங்கள் பிள்ளைகள் எழுதும் 1005இல் இருப்பது அதே தர்க்கம். இன்று நாம் எழுதும் இடமதிப்பு முறையில் சுழி ஏன் தேவைப்படுகிறது என்பது அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவே. இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த விடையின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட எனக்குக் கை வரவில்லை.

நான் செய்வது இது. பிள்ளைகளைக் கொண்டே விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்ட வைப்பேன். கட்டிவைத்த கட்டுகளை நான் கொடுப்பதில்லை. கட்டும் கைதான் பத்தை ஒன்றாகப் பார்க்கப் பழகுகிறது. பத்துக் கட்டுகளை மீண்டும் ஒரே பெரிய கட்டாகக் கட்டினால் நூறு. ஒரு பெரிய கட்டும் ஐந்து உதிரிக் குச்சிகளும் வைத்து எழுதச் சொல்வேன். ஒருவன் 1005 என்றும் இன்னொருத்தி 105 என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டையும் கரும்பலகையில் எழுதி, யாருடையது சரி என்று நான் சொல்லாமல், "இது எத்தனை குச்சி, அது எத்தனை குச்சி, வாதாடுங்கள்" என்று விட்டுவிடுவேன். ஒருமுறை ஒரு சிறுவன், "அதுல ஆயிரம் குச்சி இருக்கணும், அவ்ளோ குச்சிக்கு நாம எங்க போறது" என்று கேட்டான். அந்த இடத்தில் வாதம் முடிந்தது. அதன்பிறகுதான் நான் வாய் திறப்பேன். தனியாகப் பத்துக் குச்சிக் கட்டு எதுவும் இல்லை என்பதைக் காட்ட நடுவில் ஒரு சுழி வைப்பது நம் வழக்கம் என்பதை நேரடியாகச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் அது ஏற்பாடு. கூடவே 100 என்ற அட்டையின் மேல் 5 என்ற சிறிய அட்டையை வலப்பக்கம் ஒட்டிவைத்து, கடைசிச் சுழியை அது மறைப்பதைக் காட்டுவேன். சுழி எங்கே போயிற்று என்று அவர்களே அட்டையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

தொண்ணூறிலும் கவனம் தேவை. இருபது, முப்பது, நாற்பது என்று வந்து, தொண்ணூறில் திடீரென்று நூறு ஒலிக்கிறது. எண்ணூறுக்கு அடுத்து, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. நூறைவிடத் தொண்ணூறு பெரிது என்று சொல்லும் பிள்ளையை நான் ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். அதே தமிழ் இன்னோர் இடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. பதினாறு என்ற சொல்லைப் பிரித்தால் பத்தும் ஆறும் தெரிகின்றன. 16இல் உள்ள 1 எதைக் குறிக்கிறது என்ற உங்கள் கேள்வியைக் கமீயும் குழந்தைகளிடம் கேட்டிருக்கிறார். பதினாறு வில்லைகளில் 6க்கு ஆறு வில்லைகளைக் காட்டிய பிள்ளைகள், 1க்கு ஒரே ஒரு வில்லையைக் காட்டினார்கள். மிச்சம் ஒன்பது வில்லைகள் அங்கேயே கிடந்ததும் அவர்களை உறுத்தவில்லை. அதே சோதனையைப் புளியங்கொட்டைகளை வைத்துச் செய்து, "மிச்சம் இருப்பவை யாருடையவை?" என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லாதீர்கள். அந்த ஒன்பது கொட்டைகளும் உறுத்தத் தொடங்கும் நாள்தான் இடமதிப்பு தொடங்கும் நாள்.

மறுமொழி 4: உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்

மேலே எழுதியவர்களோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் ஒரு கவலையைப் பதிவு செய்ய வேண்டும். தானே கண்டறியட்டும் என்ற பெயரில் வழிகாட்டல் இல்லாமல் விடப்பட்டு, எட்டாம் வகுப்பிலும் இரண்டிலக்கக் கழித்தலில் தடுமாறும் பிள்ளைகள் என் வகுப்புக்கு வருகிறார்கள். 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை இதையே சுட்டியது. ஒரு துறைக்குப் புதியவரின் செயல்நினைவு, அதாவது ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளும் திறன், மிகக் குறுகியது. வழிகாட்டல் இல்லாமல் தேடவிட்டால் தேடுவதிலேயே அது நிறைந்துவிடுகிறது. கற்பதற்கு இடம் மிஞ்சுவதில்லை. செய்துகாட்டிய கணக்குகளைப் படிப்படியாகப் பார்த்துக் கற்பவர்கள் தொடக்கத்தில் விரைவாக முன்னேறுகிறார்கள் என்பது பல சோதனைகளில் உறுதிப்பட்டிருக்கிறது.

இது அறிவுக் கட்டுமானக் கருத்துக்கு எதிரானது என்று நான் கருதவில்லை. பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, காசநோயால் 1934இலேயே மறைந்த சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி, குழந்தை இன்று துணையோடு செய்வதை நாளை தனியாகச் செய்யும் என்றும், நல்ல கற்பித்தல் வளர்ச்சிக்கு ஓரடி முன்னால் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். உட், புரூனர், ராஸ் ஆகியோர் 1976இல் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு 21 மரத்துண்டுகளால் கோபுரம் அடுக்கக் கற்றுக்கொடுத்தபோது, உதவியின் அளவைக் குழந்தையின் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். சாரம் கட்டுதல் என்ற உவமை அங்கிருந்துதான் கல்வியியலுக்கு வந்தது. கொத்தனார் சுவர் எழும்பும்வரை சாரத்தைப் பிரிப்பதில்லை, எழும்பிய பின் விட்டுவைப்பதும் இல்லை. 19 ஆண்டுப் பணி செய்த ஆசிரியர் குச்சிகளை வைத்துச் செய்வதில் எவ்வளவு வழிகாட்டல் அடங்கியிருக்கிறது என்பதைப் பாருங்கள். எந்த எண்ணைக் கொடுப்பது, எந்த இரண்டு விடைகளைப் பலகையில் எதிரெதிரே வைப்பது, எங்கே வாய் திறப்பது என்று எல்லாவற்றையும் அவர் முன்கூட்டியே திட்டமிட்டிருக்கிறார். பயிற்சிக் கூட்டங்களில் இந்தத் திட்டமிடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் குறை. ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாதம் முடிந்த மறுநாளும், அதற்கடுத்த வாரமும் அதே வகைக் கணக்குகளை எழுதிப் பழகவிடுங்கள். புரிந்தது கையில் படிய நாள்கள் வேண்டும்.

கேள்வி கேட்டவரின் பதில்

நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

தண்ணீர்ச் சோதனையை இந்த முறை வேறு விதமாகச் செய்தேன். அந்தச் சிறுமியையே அவள் வீட்டு அளவுக் குவளையைக் கொண்டுவரச் சொன்னேன். அவளே குவளையால் அளந்து டம்ளரிலும் புட்டியிலும் ஒவ்வொரு குவளை ஊற்றினாள். நான் முன்னால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊற்றி முடித்ததும் ஒரே ஒரு முறை கேட்டேன். சிறிது நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரு குவளைதான் டீச்சர், புட்டி ஒல்லியா இருக்கறதால மேல ஏறிடுச்சு" என்றாள். ஐயா சொன்ன மூன்றாவது காரணம் அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. வேறொரு பிள்ளை புட்டியில் அதிகம் என்றானே என்று கேட்டதற்கு, அவனை அழைத்து வந்து தானே ஊற்றிக் காட்டட்டுமா என்று கேட்டாள். எட்டு வயது மாணவன் இன்னும் புட்டியைத்தான் காட்டுகிறான். ஆனால் முன்பு உடனே காட்டியவன் இப்போது தயங்கிக் காட்டுகிறான். அந்தத் தயக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

புளியங்கொட்டைச் சோதனையில் பெரும்பாலோர் 1க்கு ஒரு கொட்டையைத்தான் காட்டினார்கள். மிச்சம் யாருடையது என்று கேட்டபோது ஒருவன், "அது உங்களுது டீச்சர்" என்று அள்ளி என் கையில் கொடுத்துவிட்டான். அவனுக்கு இன்னும் உறுத்தவில்லை. குச்சிக் கட்டுகளைத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை இருபத்து மூன்று கட்டுகள் கட்டியிருக்கிறார்கள். நூறு குச்சிக் கட்டுக்கு ரப்பர் வளையம் போதாமல் சணல் கயிறு தேட வேண்டியிருந்தது, அந்தக் கட்டின் பருமனைப் பார்த்து வகுப்பே வியந்தது.

தொண்ணூற்றைப் பற்றி எனக்கு இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. ஒன்பது பத்துகள் என்று முதலில் சொல்லவைத்துப் பிறகு தொண்ணூறு என்ற பெயரை அறிமுகப்படுத்துவதா, அல்லது பெயரை முதலிலேயே சொல்லிவிட்டுக் கட்டுகளை எண்ணவைப்பதா? பெயர் ஏற்பாடுதான், சொல்லிவிட வேண்டியதுதான் என்பது புரிகிறது. எதை முன்னால் வைப்பது என்பதில்தான் குழப்பம். வரும் திங்கட்கிழமை அந்தப் பாடத்துக்கு வருகிறோம். அதற்குள் யாராவது தம் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.